மலை இறங்கையில் ஏமாத்தின பிரேக்

போன கிருத்திகைக்கு அம்மாவைப் பின்னால உட்கார வெச்சு திருத்தணி மலைக்கு வண்டியில போனேன். 365 படி ஏற அவங்க முட்டி இடம் கொடுக்காது. ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கும்போது வளைவுல முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்துடுச்சு. முதல் கியர், பின் டிரம் பிரேக், முருகா! அம்மாகிட்ட சொல்லல.

வீட்டுக்கு வந்து சூடு ஆறினதும் லீவர் பழையபடி கெட்டியா நின்னுச்சு. கசிவு இல்ல, பேடும் தேயல. டப்பாவைத் திறந்தா ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறம். வாங்கினதுல இருந்து மாத்தவே இல்ல. இந்த ஆயில் காத்து ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 4 கொதிக்க 230 டிகிரியாவது வேணும். ஈரம் ஏறினதுக்கு 155தான் கணக்கு. டிஸ்க் சூட்டுல கொதிச்சு குமிழ் விட்டா, லீவர் குமிழைத்தான் அமுக்கும். காத்து பிடிச்ச மோட்டார் தண்ணி தூக்காதே, அதே கதை.

மறுநாள் பையன் லீவரை அமுக்கிப் பிடிச்சான். நான் 8 நம்பர் ஸ்பேனரால காலிப்பர் நிப்பிளைத் திறந்து, அவன் கையை விடுறதுக்குள்ள மூடினேன். மாட்டுக்கு சலைன் ஏத்தின டியூப், தண்ணி பாட்டில், அவ்வளவுதான். மேல டப்பா காலியாக விடக்கூடாது. விட்டா காத்து புகுந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒருமுறை விட்டேன். டேங்க்ல ரெண்டு சொட்டு விழுந்து பெயின்ட்டும் போச்சு. உடனே தண்ணி ஊத்தியிருக்கணும். குமிழ் நின்னு தெளிவா வந்ததும் களத்துல பத்து தடவை பிடிச்சுப் பார்த்தேன்.

அடுத்த கிருத்திகைக்குக் கிளம்பினப்ப அம்மா, "பஸ்ல போலாமா?"ன்னாங்க.