காசு நம்மது, கரண்டி யாரது?

முருகன் தெய்வானையைக் கட்டிக்கொண்ட ஊர் திருப்பரங்குன்றம். முகூர்த்த நாளில் சன்னதித் தெருவில் நடக்கவே முடியாது. கல்யாணச் சமையல் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர் விமானத்தைப் பற்றிக்கூட எங்கள் தாய்மாமா அந்தப் பாஷையில்தான் பேசுவார். விமானப் படையில் 'மருத்' விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்தவர்.

''ஏன் மாமா, ரேடார்ல சிக்காத 'ஆம்கா' விமானத்தை நாம தனியாத்தான் செய்யணுமா? 2022லயே பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் மூணும் கூட்டுச் சேர்ந்துட்டாங்க. செலவு பங்காகுமே?''

''ரெண்டு சம்பந்தியும் சேந்து காசு போட்டாலும், மாஸ்டரைப் பிடிச்சவன் சொல்றதுதான் மாப்ளே மெனு! ரஷ்யாக்காரன்கிட்ட பாத்தோம்ல?''

பார்த்தோம்தான். 2007ல் கூட்டு ஒப்பந்தம். 2010 டிசம்பரில், முதற்கட்ட வடிவமைப்புக்கு நம் பங்காக 29.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், மூல விமானமான சுகோய் அந்த ஜனவரியிலேயே பறந்துவிட்டது. வடை சுட்டு முடித்தபின் மாவாட்டப் பங்கு கேட்ட கதை! எந்தத் தொழில்நுட்பத்தைத் தருவார்கள், நம்மவர்களுக்கு என்ன வேலை என்று பேசிப் பேசி, 2018ல் விலகினோம்.

ரஷ்யர்களை மட்டும் சொல்வானேன்? பிரான்சும் ஜெர்மனியும் 2017ல் கை கோத்தன. டஸ்ஸோ சொல்வதா, ஏர்பஸ் சொல்வதா என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டு.

அதற்காகத் தனிக்குடித்தனம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1983ல் அனுமதி கிடைத்த தேஜஸ், 2001 ஜனவரி 4 அன்றுதான் முதலில் பறந்தது. அதற்காகவே தொடங்கிய காவேரி இன்ஜினைச் சக்தி போதாமல் 2008ல் கழற்றிவிட்டார்கள். 2021ல் 83 புதிய தேஜஸுக்கு ஆர்டர். அவற்றுக்கான முதல் அமெரிக்க இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். உடம்பு பெங்களூரில், உயிர் அமெரிக்காவில்! இதற்கிடையே 2025 செப்டம்பரில் மிக்-21கள் ஓய்வு பெற்றன. 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய படை முப்பதுக்கும் கீழே.

''எங்க மருத்துக்கும் அதே நோய்தான். 1961ல பறந்துச்சு. ஜெர்மன்காரர் கர்ட் டாங்க் போட்ட டிசைன். உடம்பு பயில்வான், இன்ஜின் நோஞ்சான்'' என்று பெருமூச்சு விடுவார் மாமா.

2024 மார்ச்சில் ஆம்காவுக்கு 15,000 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு அனுமதி தந்தது. விமானம் நம் வடிவமைப்பு. இன்ஜினை மட்டும் பிரான்சின் சாஃப்ரானோடு சேர்ந்து இங்கேயே உருவாக்கப் போவதாக, 2025 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் சொன்னார். எனக்கு இது சரியென்றே படுகிறது. ஒரே ஒரு சந்தேகம். இன்ஜினுக்குள் இருக்கும் டர்பைன் பிளேடு, தன் உலோகமே உருகும் சூட்டைவிட அதிகச் சூட்டில் சுழல வேண்டும். அந்தப் பக்குவத்தை யாரும் லேசில் சொல்லித்தர மாட்டார்கள். அது பத்திரத்தில் எழுதி வருமா, 'அதெல்லாம் மாஸ்டர் பாத்துப்பார்' என்று போகுமா?

ஆம்கா படையில் சேர 2035 ஆகலாம். மாமாவுக்கு இப்போதே 78.

''பி.பி. மாத்திரையை ஒரு வேளைகூட விடறதில்ல மாப்ளே'' என்கிறார்.