கோல், தங்கூஸ், முள்

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டால் கே.ஜி.கண்டிகைப் பையன்கள், எந்த ராடு வாங்கலாம் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். எந்த ஏரி, எந்த மீன் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இது தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதை எடுத்துக் கொடுப்பார்.

*

ஜிலேபிக்குப் பெரிய செலவு வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். இன்று கரையோரமே கூட்டமாகத் திரிகிறது. பத்தடி மூங்கில் கோல், 0.20 மி.மீ. தங்கூஸ், சின்ன முள், மண்புழு போதும். கவனம் வைக்க வேண்டியது தக்கையில். ஜிலேபி இரையை உறிஞ்சிப் பார்த்து உடனே துப்பிவிடும். தடித்த தெர்மாக்கோல் அதைக் காட்டிக்கொடுக்காது. உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் தண்டை விரல் நீளம் நறுக்கிக் கட்டுங்கள். நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும் அளவுக்கு ஈயத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தண்டு லேசாகச் சாய்ந்ததும் சுண்டிவிடலாம்.

*

முள்ளின் எண்ணில் புதியவர்கள் குழம்புகிறார்கள். 12-ஐவிட 6 பெரிய முள். 1-க்குப் பிறகு 1/0, 2/0 என்று போகும். அங்கே எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும்.

*

விரால் வேறு கதை. அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் கிடக்கும். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகும். அந்தச் சலனத்தைப் பார்த்து இடம் குறித்துக்கொள்ளலாம். கவ்வியதும் கொடிக்குள் நுழையப் பார்க்கும். அதனால் வளைந்து கொடுக்கும் கோல் இதற்கு ஆகாது. ஏழடி விறைப்பான ராடு, பின்னல் நரம்பு, ரப்பர் தவளை. தவளையின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் கொடியில் மாட்டாது. மீன் கடித்து உடல் அமுங்கினால்தான் முள் வெளிப்படும். தண்ணீர் தெறித்ததும் இழுக்காதீர்கள். நரம்பில் கனம் தெரியட்டும்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால் கீழே பெற்ற மீன் காவல் நிற்கிறது. எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அங்கே தவளையைப் போடவே கூடாது. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

*

கார்பன் ராடு எடை குறைவு, கைக்குச் சுகம். ஆனால் மின்சாரம் கடத்தும். நம் ஏரிக்கரைகளில் மின்கம்பி போகிறது. மழைக்காலத்தில் இடியும் உண்டு. பிள்ளைகளுக்குக் கண்ணாடியிழை ராடு வாங்கிக் கொடுங்கள்.

*

கனடாவின் சிம்கோ ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். வீச வேண்டிய தேவையே இல்லாததால் ராடு இரண்டு மூன்று அடிதான். குளிரில் மந்தமான மீன் மெல்லத்தான் தொடும். அதனால் பெர்ச் போன்ற சின்ன மீனுக்கு நுனி மிக மென்மையாக இருக்கும். நம் மயிலிறகுத் தண்டு செய்யும் வேலையை அங்கே ராடின் நுனி செய்கிறது. அந்தக் குட்டை ராடை ஆன்லைனில் மலிவாகக் கண்டு வாங்கிவிடாதீர்கள். நம் கரையில் நின்றால் அது அல்லி இலையைக்கூட எட்டாது.

*

முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த தங்கூஸ் உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே அறும். அறுந்த துண்டுகளைக் கரையில் விடாதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்கிறது.

*

பல ஏரிகள் மீன்பாசி குத்தகையில் இருக்கின்றன. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு ராடுக்குப் பணம் கொடுங்கள்.