பழுப்பு எந்தப் பக்கம் தொடங்கியது?

வெள்ளைத் தாள் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று, சின்னக் கத்தி, குறிப்பெழுத ஒரு கொப்பி. வாகனத்தின் பின்பக்கம் நிறைய செயின்சோக்களும் கயிறுகளும் கிடந்தாலும், வீட்டு முற்றத்துக்குள் அவர் முதலில் எடுத்துப்போவது இவ்வளவுதான். வன்னியில் தோட்டம் செய்த குடும்பத்திலிருந்து தொண்ணூறுகளில் கனடா வந்தவர். மற்றவர்கள் வெட்டிப்போட்ட கிளைகளைச் சிப்பர் இயந்திரத்துக்குள் தள்ளுவதில் வேலையைத் தொடங்கி, பிறகு பரீட்சை எழுதித் தகுதிபெற்ற ஆர்பரிஸ்ட் (மர வைத்தியர்) ஆனவர். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு அவர் இன்னமும் ‘மரம் வெட்டுற அண்ணை’தான்.

மே கடைசியில் அவருக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே முறைப்பாடு: “எங்கட கிறிஸ்மஸ் மரம் பழுப்படிக்குது, மருந்தடிக்க வாங்கோ.” அவர் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். பழுப்பு எந்தப் பக்கம் தொடங்கினது? மேலேயா கீழேயா, உள்ளுக்கா நுனியிலா, றோட்டுப் பக்கமா வீட்டுப் பக்கமா? பலருக்குப் பதில் தெரியாது. தினமும் அந்த மரத்தைத் தாண்டித்தான் கார் எடுக்கிறார்கள்.

இங்கே ‘கிறிஸ்மஸ் மரம்’ என்று முற்றத்தில் நிற்பதில் பெரும்பங்கு கொலராடோ நீல ஸ்ப்ரூஸ். 1862இல் பைக்ஸ் மலைச்சிகரத்தில் சார்ல்ஸ் பாரி என்ற தாவரவியலாளர் கண்டு குறித்த மரம். ஆறாயிரம் அடிக்கு மேல், காய்ந்த காற்றில், ஓடைக்கரைகளில் வளர்வது. 1939இல் கொலராடோ அதைத் தன் மாநில மரமாக்கியது. ஊசிகளின் மேல் படிந்த மெழுகுதான் அதன் நீலம். அந்த நீலத்துக்காகவே ஒன்ராறியோ ஏரியின் ஈரக் காற்றுக்குள், களிமண் நிலத்தில், புல்தரைக்கு நடுவில் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். எனக்கு அந்த நீலம் பிடிக்கும். ஆனாலும் அந்த மரத்துக்கு இது சொந்த ஊரில்லை என்பது அண்ணையோடு ஒருநாள் போய்ப் பார்த்த முற்றங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

பெருந்தெருவை ஒட்டிய முதல் வீட்டில் லென்ஸுக்கு வேலையே வரவில்லை. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் ஊசிகள் நுனியிலிருந்து காய்ந்திருந்தன. வீட்டைப் பார்த்த பக்கம் பச்சை. தெருப்பக்கத்திலும் நிலத்தோடு கிடந்த கிளைகளுக்கு ஒன்றுமில்லை. குளிர்காலம் முழுக்க அவை பனிக்குள் புதைந்து கிடந்ததால், வாகனங்கள் வாரியடித்த உப்புத் தண்ணீர் அவற்றில் படவில்லை. மொட்டுகள் உயிரோடு இருந்தன. வேரடிக்குத் தாராளமாகத் தண்ணீர் விடவும், அடுத்த குளிருக்கு முன் சாக்குத் துணியால் தடுப்புக் கட்டவும் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். வீட்டுக்காரருக்கு முகம் விழுந்துபோனது. ஒன்றும் அடிக்காமல் போகிறவனுக்கு எதற்குக் காசு என்ற யோசனை அவருக்கு. இந்தத் தொழிலில் கைக்குத்தான் கூலி, கண்ணுக்கில்லை.

அடுத்த முற்றத்தில் மரம் முழுக்க மங்கிப்போய், வெண்கல நிறத் தூசு படிந்தமாதிரி இருந்தது. கிளைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டினார். தாளில் மிளகுத்தூளைவிடச் சின்னப் புள்ளிகள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புள்ளிகள் நகர்கின்றன. விரலால் இழுத்துத் தேய்த்தார். பச்சைக் கோடு விழுந்தது. ஊசியின் சாற்றைக் குடித்த சிலந்திப்பேன் நசுங்கினால் அப்படித்தான் விழும். அதைத் தின்னும் நல்ல பேன் என்றால் கோடு செம்மஞ்சளாக விழும் என்றார். ஸ்ப்ரூஸின் சிலந்திப்பேன் குளிர்ச்சியை விரும்புவது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெருகும். கோடை வெயிலில் அடங்கிவிடும். சனமோ யூலையில்தான் மரம் வெளிறியதைக் காண்கிறது, ஆள் இல்லாத வீட்டுக்கு மருந்தடிக்கிறது. அவர் அங்கே செய்தது தோட்டக் குழாயைத் திறந்து, கிளைகளின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீச்சியது மட்டும். கிழமைக்கொருதடவை அப்படியே செய்யச் சொன்னார். எண்ணெய் மருந்து அடித்தாலென்ன என்று கேட்டேன். பேன் சாகும், கூடவே மெழுகு கரைந்து நீலமும் போய்விடும் என்றார். அந்த ஊசிகளில் அது திரும்ப வராது.

கடைசி வீடு மார்க்கத்தில். வேலியோரம் ஆறு நீல ஸ்ப்ரூஸ்கள், தோளோடு தோள் முட்டியபடி. நடும்போது இடுப்பளவு இருந்திருக்கும். இப்போது இரண்டு மாடி. இடுப்புயரம் வரை கிளைகள் மொட்டை. அதற்கு மேலே நுனியில் மட்டும் ஊசிகள். வாசலுக்கு வந்த அக்கா அவசரத்தில் இருந்தார். ஓகஸ்டில் மகளின் சாமத்தியவீடு. அந்த வரிசைக்கு முன்னால்தான் படம் எடுப்பதாகத் திட்டம்.

“அண்ணை, ஓகஸ்டுக்கு முதல் பச்சையாக்கலாமோ?”

அவர் பதில் சொல்லாமல் ஒரு கிளையைப் பிடித்து நுனியிலிருந்து உள்நோக்கி எண்ணினார். ஒவ்வொரு வருட வளர்ச்சி தொடங்கிய இடத்திலும் மொட்டுச் செதில்கள் விட்ட வளையத் தழும்பு உண்டு. இந்த வருடத் தளிர் இளசு, பாதிதான் நீண்டிருந்தது. போன வருடத்து ஊசிகள் ஊதா கலந்த பழுப்பு. அதற்குப் பின்னால் வெறும் குச்சி. தடவினால் அரம் போலச் சொரசொரப்பு, ஊசிகள் விழுந்த இடத்து முளைகள். நல்ல மரம் ஐந்தாறு வருட ஊசிகளையாவது வைத்திருக்கும்.

பழுப்பு ஊசி ஒன்றைப் பிடுங்கி லென்ஸை என்னிடம் தந்தார். கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஊசியைக் கிட்டக் கொண்டுபோனேன். நல்ல ஊசியில் நீளவாக்கில் வெள்ளைப் புள்ளி வரிசைகள் தெரியும். அவை மெழுகடைத்த மூச்சுத் துளைகள். இதில் அந்த வெள்ளைகள் கறுத்திருந்தன. ஒவ்வொரு துளையிலிருந்தும் கரிய உருண்டை ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. சிலவற்றின் தலையில் துளையிலிருந்த மெழுகுத் துணுக்கு அப்படியே தொப்பியாக ஒட்டியிருந்தது. ரைசோஸ்பீரா என்ற பூசணம். உருண்டையின் ஓரம் மயிர்விட்டாற்போல் பிசிறியிருந்தால் அது ஸ்டிக்மினா என்ற வேறொன்று. இது வழவழப்பாக இருந்தது. ஆனாலும் இரண்டு கிளைத்துண்டுகளைப் பையிலிட்டு ஆய்வகத்துக்கென்று திகதி எழுதினார்.

இந்தப் பூசணம் மே, யூன் மழையில் இளந்தளிரில் தொற்றும். ஆனால் ஊசி பழுப்பது அடுத்த வருடம். அக்கா இன்று பார்க்கும் பழுப்பு போன வருடத்து மழையின் கணக்கு. இப்போது பூசணக்கொல்லி அடித்தால் காப்பாற்றக்கூடியது இந்த வருடத் தளிரை மட்டும்: தளிர் பாதி நீண்டபோது ஒருமுறை, மூன்று நான்கு கிழமை கழித்து இன்னொரு முறை, அதுவும் இரண்டு வருடமாவது விடாமல். உச்சி முதல் அடி வரை உட்கிளைகளும் நனையாவிட்டால் பயனில்லை. போதாததற்கு, ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் முற்றத்து அழகுக்காகப் பூச்சி மருந்து, பூசண மருந்து அடிப்பது தடை. மரத்தின் உடல்நலத்துக்கு அவசியம் என்று தகுதியுள்ளவர் எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு.

“அப்ப கீழ மொட்டையாப் போனது?”

“அது இனி வராது, அக்கா. ஊசி போன பழங்கிளையில ஸ்ப்ரூஸ் திருப்பித் தளிர்க்காது.”

அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். புல்லுக்கு வைத்த தண்ணீர் தெளிகருவி மரங்களின் அடியை ஒவ்வொரு விடியலும் நனைத்துக்கொண்டிருந்தது. மண்ணைக் கையால் கிண்டினார். மரத்தூள் கும்பத்துக்குக் கீழே அரை அடி போயும் வேர் விரியும் இடம் வரவில்லை, ஆழமாக நட்டிருந்தார்கள். நாலாவது மரத்தின் கீழ்க்கிளை ஒன்றில் வெள்ளையாகப் பிசின் வடிந்து இறுகியிருந்தது. அது சைட்டோஸ்போரா, பட்டைப் புண். அதற்கு மருந்தே கிடையாது. காய்ந்த நாளில் அந்தக் கிளையை அடியோடு வெட்டி, அடுத்த வெட்டுக்கு முன் வாளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதுதான் வழி. வாளைத் துடைக்காத ஆட்களே மரத்துக்கு மரம் நோய் காவுகிறார்கள் என்று முணுமுணுத்தார்.

கடைசியில் அவர் சொன்ன வைத்தியம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதையும் நாலாவதையும் வெட்டுங்கோ, மற்றவைக்குக் காத்து வரட்டும். தெளிகருவியைத் திருப்பிவிடுங்கோ. மரத்தூளை அடிமரத்திலிருந்து ஒதுக்குங்கோ. அதுக்குப் பிறகும் மருந்து வேணுமெண்டால் எழுதித் தாறன். இடைவெளிக்கு ஏதாவது வைக்க வேணுமெண்டால் நீலத்தை விட்டுப்போட்டு நோர்வே ஸ்ப்ரூஸ் வையுங்கோ, இந்தப் பூசணத்தை அது தாங்கும்.

“வீடு வாங்கின வருசம் இவர் தன்ர கையால வைச்சது,” என்றார் அக்கா. “பக்கத்து வீட்டுக்காரர் முழுக்கப் பார்ப்பினமே.”

பேரம் கொஞ்ச நேரம் நடந்தது. முடிவில் நாலாவது மட்டும் போவதென்றும், இரண்டாவதைப் பற்றி இரவு கணவர் வேலையால் வந்தபிறகு கேட்பதென்றும் ஆனது. கொப்பியில் எழுதிக்கொண்டு அவர் கேற்றடிக்கு நடக்க, அக்கா பின்னாலேயே வந்தார்.

“அப்ப சாமத்தியவீட்டுப் படம்?”

“பின்வளவில மேப்பிள் ஒண்டு வடிவா நிக்குது, அக்கா. அதுக்குக் கீழ எடுங்கோ.”