எல்லோருக்கும் ஒரு குவளை

ஆங்கிலேயரின் ‘பஞ்ச்’ என்னும் விருந்துப் பானம், ஐந்தைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லால் பெயர் பெற்றது என்பர். அதில் மது உண்டு. நம் சர்பத்தோ ‘பருகுதல்’ எனும் பொருளுடைய அரபு வேரில் பிறந்தது; மதுவை அறியாதது.

2000-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் டிசம்பர் இறுதியில், அரையாண்டு விடுமுறையில் வந்தது. பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருக்க, நன்னாரிப் பாகு, எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, சப்ஜா விதை, நீர் என ஐந்தையும் உம்மா கலந்தார்கள். நீரிழிவுற்ற வாப்பா, வழக்கம்போல் குவளைகளைப் பிறருக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாகு சேர்க்காமல், சிட்டிகை உப்பிட்டுக் கலந்த குவளையொன்றை உம்மா அவர்களிடம் தந்தார்கள். “எனக்கு இப்போதுதான் பெருநாள் வந்தது” என்றார்கள் வாப்பா.

சகோதரிகளே, நீரிழிவு இல்லாத குடும்பம் இன்று அரிது. பாகு சேர்க்குமுன் ஒரு குவளை எடுத்துவையுங்கள். விருந்தில் எவரும் வெறுங்கையோடு நிற்கலாகாது.