ரோதாங் ஏற்றமும் பழைய வண்டியும்

அம்பாலாவில் ரயில்வே குமாஸ்தாவாக உள்ள நமக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக உற்ற துணை, பழையதாக வாங்கிய புல்லட். 1955இல் சென்னையில் தொடங்கிய கம்பெனியின் வண்டி. நம்மைப் போலவே வடக்கே வந்து உழைப்பது.

சென்ற ஜூனில் இல்லாளுடன் மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குப் புறப்பட்டோம். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின், பனி காண விழைவோரே அனுமதிச் சீட்டுப் பெற்று அங்கு ஏறுகின்றனர். உயரம் 3,978 மீட்டர். காற்று மெலிய மெலிய, கார்பரேட்டர் விடும் பெட்ரோல் மிகையாகி வண்டி திணறியது. மர்ஹிக்கு அப்பால் இல்லாள் இறங்கி நடந்தார். புதிய வண்டிகளிலோ, காற்றுக்கேற்பப் பெட்ரோலை அளந்துவிடும் கருவி உண்டு.

திரும்புகையில் பனியுருகிய நீர் சாலையில் ஓடியது. "ஏறும்போது நடந்துவிட்டேன், இறங்கும்போது சறுக்கினால் என்ன செய்வது?" என்றார் அவர். நாம் விடை கூறவில்லை.

2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். புதியது பழுதுற்றால் சாலையோர மிஸ்திரிக்கு எளிதில் அகப்படாது, கடனும் சேரும். ஆயினும் அடுத்த கோடைக்குள் வாங்குவதெனத் துணிந்தோம். பழையது நிலையத்துக்கும் கடைவீதிக்கும் ஓடட்டும். விற்க மனம் வரவில்லை.