செம்பனை சொல்லிய பாடம்



அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தந்தை, "எனக்கே கணக்கு வராது டீச்சர். இவனுக்கு எங்கே வரப்போகுது?" என்றார். நானும் சிரித்தவாறு தலையசைத்துவிட்டேன். அருகில் நின்ற அவருடைய மகன் தலை கவிழ்ந்தான். அன்றிரவு என் அப்பா நட்ட செம்பனைகள் நினைவிற்கு வந்தன.

அப்பா தோட்டத் தொழிலாளி. நன்கு காய்க்கும் ஒரு செம்பனையின் அடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி வந்து, லயத்தின் பின்புறம் கன்றுகளாக்கி நட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சில மரங்கள் தாய்மரத்தைப் போலவே மெல்லிய ஓடுடைய பழங்களைத் தந்தன. சிலவற்றில் ஓடு தடித்து, சதை குறைந்திருந்தது. ஒன்றில் குலை தள்ளியும் பழம் நிலைக்கவில்லை. "நல்ல மரத்து விதைதானே?" என்று அப்பா வருந்தினார்.

விடை எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில்தான் கிடைத்தது. தடித்த ஓடுடைய டூராவையும் ஓடற்ற பிசிஃபெராவையும் இணைத்துப் பெறும் கலப்பினமே டெனெரா. ஓடு மெலிந்து சதை மிகுவதால் எண்ணெயும் மிகும். இன்று தோட்டங்களில் நடப்படுவது இதுவே. ஓட்டின் தடிப்பை ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்பதை 1941-இல் பெய்ர்னார்ட், வாண்டர்வெயென் ஆகியோர் காங்கோவில் செய்த ஆய்வின்வழி விளக்கினர். அம்மரபணுவை நம் நாட்டு ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2013-இல் அடையாளம் கண்டது. டெனெராவோடு டெனெரா சேர்ந்தால், சராசரியாக நான்கில் ஒரு பங்கு டூரா, இரண்டு பங்கு டெனெரா, ஒரு பங்கு பிசிஃபெரா. பிசிஃபெரா பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஆகவேதான் விதை உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு முறையும் டூராவையும் பிசிஃபெராவையும் புதிதாக இணைக்கின்றனர்.

ஒரே மரபணு ஆளும் ஓட்டிலேயே, பெற்ற மரத்தை மட்டும் பார்த்துக் கன்றின் தன்மையைச் சொல்ல முடியவில்லை. கணக்கறிவோ பல மரபணுக்களோடு வீடும் பள்ளியும் பயிற்சியும் சேர்ந்து உருவாக்குவது. அதைத் தந்தையின் ஒரு சொல்லும் ஆசிரியையின் ஒரு தலையசைப்பும் முடிவு செய்யலாமா?

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "நேற்று நான் தலையசைத்தது தவறு" என்றேன். அப்பாவின் செம்பனைகளைப் படமாக வரைந்து, நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு எனப் பின்னக் கணக்கைத் தொடங்கினேன். முதல் நாளில் இரண்டு கணக்குகள்தாம் சரியாக வந்தன. மறுநாள் அழைக்காமலேயே வந்து நின்றான்.

பிள்ளைகளின் காதுபட நாம் சொல்வதைச் சற்றே எண்ணிச் சொல்வோம்.