நீர்மேல் ஒரு மெல்லேடு

விஞ்ஞானம் பயிலத் தொடங்கிய நாள்முதல் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பொருள், நீர்ப்பரப்பின்மேல் விரியும் கொழுப்பு அமிலத்தின் ஏடேயாகும். ஸ்டியரிக் அமிலத்தின் மூலக்கூறு ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உடையது. தலை நீரை நாடும். கரியணுக்கள் கோத்த வால் நீரை வெறுத்து மேல்நோக்கும். ஆகவே அம்மூலக்கூறுகள் வயலில் நெற்பயிர் நிற்பதுபோல் நெருங்கி நின்று, ஒரு மூலக்கூறின் உயரத்தையே தன் கனமாக உடைய ஏடாகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய 4,00,000 பங்காக்கினால் ஒரு பங்கே அதன் கனம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டோருள் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி ஒருவர். பெண்களுக்குச் சர்வகலாசாலையின் வாயில் அடைபட்டிருந்த அந்நாளில், அவர் தம் இல்லத்திலேயே தகரத் தொட்டியொன்றில் நீர் நிரப்பிச் சோதனைகள் செய்தார். அவற்றை விவரித்து ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது.

தூய நீரின்மேல் இவ்வேட்டின் வால்கள் சற்றே சாய்ந்து நிற்கும். நீரில் கால்சியம், பேரியம், காட்மியம் முதலிய உலோகங்களின் அயனிகள் கலந்திருப்பின் நிலைமை மாறுகின்றது. நீர் மிக்க புளிப்பாயிருக்குமளவும் தலைகள் தம் ஹைட்ரஜனை விடா. அயனிகளும் அவற்றைப் பற்றா. புளிப்புக் குறையக் குறையத் தலைகள் எதிர்மின் ஏற்றம் பெறும். அப்பொழுது இரட்டை நேர்மின் ஏற்றமுள்ள ஓர் அயனி இரு தலைகளுக்கு ஈடாகி அவற்றைப் பிணைக்கும். சாய்ந்த வால்கள் நிமிரும். ஏடு இறுகி விறைக்கும்.

அமெரிக்காவில் லாங்மியூருடன் உழைத்த காதரின் பிளாட்ஜெட் அம்மையார், இவ்வாறு உலோகத்தால் இறுகிய ஏடுகளைக் கண்ணாடியின்மேல் ஒன்றன்மேலொன்றாகப் படியவைத்தார். 44 ஏடுகள் படிந்த கண்ணாடி ஒளியைப் பிரதிபலிக்காது நின்ற செய்தி 1938-இல் உலகிற்கு எட்டியது.

எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் சவர்க்காரம் எளிதில் நுரையாது. துணியில் வெண்கசடே படியும். சவர்க்காரத்தின் கொழுப்பு அமிலத்தை நீரிலுள்ள கால்சியம் பற்றுவதனால் விளைவது அது. பிளாட்ஜெட் அம்மையாருக்குத் துணைநின்ற பிணைப்பே என் அன்னையாருக்குத் தோள்வலியாயிற்று. இதனை உணர்ந்தபின், சவர்க்காரமிடுமுன் சிறிது சலவைச் சோடாவை நீரிற் கரைத்துக் கால்சியத்தை முதலிற் படியச் செய்யுமாறு அவரை வேண்டினேன். நுரை எழுந்தது. காரணம் யாதென அவர் வினவினார். துவைக்கும் கல்லருகே அமர்ந்து, தலையும் வாலும் உடைய அம்மூலக்கூறுகளின் கதையை அவருக்கு உரைத்தேன். தேர்வுத் தாளில் எழுதிய நாளினும் அன்றே அப்பாடம் எனக்கு நன்கு விளங்கியது.